ஜப்பானியக் கணிகையர் படங்கள்: அழகும் கடன் கணக்கும்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹொகுசாய் வரைந்த அந்தப் பெரிய அலைதான். அடுத்தபடியாக ஒரு பெண். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, அதில் விசிறி விரித்தாற்போல் குத்தி நிற்கும் ஊசிகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு பட்டு உடைகள், சின்னஞ்சிறு வாய், லேசாகச் சாய்ந்த கழுத்து. காலண்டரில், விசிறியில், டீ டப்பாவில், இப்போது செல்போன் உறையில்கூட அவளைப் பார்த்திருப்பீர்கள். 'கெய்ஷா படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பெரும்பாலான படங்களில் அவள் கெய்ஷா அல்ல. கெய்ஷா என்பவர் ஆடல் பாடல் கலைஞர்; ஓபி என்கிற இடுப்புப் பட்டையை முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவார். இந்தப் படங்களில் வருகிறவளின் முடிச்சு முன்பக்கம், வயிற்றின்மேல், ஒரு பெரிய பொட்டலம் மாதிரி இருக்கும். கூடவே கொண்டை ஊசிகளின் எண்ணிக்கையையும் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் கணிகை. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், யோஷிவாரா என்ற அரசு அனுமதி பெற்ற பேட்டையில் இருந்தவள். படத்தின் ஓரத்து எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, இன்ன வீட்டைச் சேர்ந்த இன்னார் என்று பெயர்கூடக் கிடைக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகத்தில் இதுவரை அச்சான காகிதங்களில் மிக அழகானவை என்று ஒரு நூறைப் பொறுக்கினால், இந்தப் படங்களில் சிலவற்றுக்கு அதில் இடம் உண்டு. அதே சமயம் இவை ஒரு வியாபாரத்தின் விளம்பர நோட்டீஸ்கள். விற்பனைக்கு வைத்த சரக்கு அந்தப் பெண். இந்த இரண்டில் முதல் விஷயத்தை உரக்கச் சொல்லி, இரண்டாவதை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகிற வழக்கம் படப் புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அச்சகத்தில் காலம் தள்ளியவன் என்பதால், வேலை நேர்த்தியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பல வண்ணத்தில் முழுமையாக அச்சடிக்கிற முறை எடோவில் 1765ல் கைகூடியது. ஹாருனோபு என்ற ஓவியர் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குத் தூண்டுகோல் காலண்டர். வசதியுள்ள கவிதை ரசிகர்கள் சிலர், அந்த வருஷத்தில் எது நீண்ட மாதம், எது குறுகிய மாதம் என்பதைப் படத்துக்குள் ஒளித்து வைத்து, ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொண்டார்கள். யார் படம் உசத்தி என்ற போட்டியில் பணத்தைக் கொட்டினார்கள். அந்தப் பணத்தில் பிறந்தது வண்ண அச்சு. சரிகைப் பட்டுப்போல் இருக்கிறது என்பதால் அதற்கு 'நிஷிகி-எ' என்றே பெயர் வைத்தார்கள்; நிஷிகி என்றால் சரிகைப் பட்டு.

ஓவியர் மெல்லிய காகிதத்தில் மையால் வரைந்து கொடுப்பார். அதைக் கவிழ்த்துச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்குவார் தச்சர். ஓவியர் கைப்பட வரைந்த மூலப்படம் அதோடு போயிற்று. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. மல்பெரி நாரில் செய்த ஈரக் காகிதத்தைப் பலகைமேல் வைத்து, மூங்கில் உறை போர்த்திய 'பாரென்' என்ற வட்டத் தட்டால் கையால் தேய்த்து அச்சிடுவார்கள். மெஷின் கிடையாது. காகிதம் இடம் மாறாமல் இருக்கப் பலகையின் மூலையில் ஒரு வெட்டு, ஓரத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். நாலு கலர் ஆப்செட்டில் ரிஜிஸ்டர் தப்பிப்போய், உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிய கதை அச்சகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இவர்களோ ஏழெட்டு நிறத்தைக் கையால் தேய்த்து, நூலிழை பிசகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். நெற்றியோரம் முடி தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் மரத்தில் செதுக்கி நிறுத்திய கோடு. அதற்கென்றே கை தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள்.

ஆக ஒரு படத்துக்கு நாலு பேர்: வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பணம் போடுகிற பதிப்பாளர். உலகம் நினைவில் வைத்திருப்பது வரைந்தவரை மட்டும். என் கண் எப்போதும் பதிப்பாளர் பக்கம்தான் போகும், பழக்க தோஷம். யார் காசு, எதற்காகப் போட்டார், எப்படித் திருப்பி எடுத்தார் என்று கேட்டால் பாதி விஷயம் வெளிவந்துவிடும்.

இந்தப் படங்களின் பதிப்பாளர்களில் பெரிய பெயர் சுதாயா ஜூசாபுரோ. 1750ல் யோஷிவாராவிலேயே பிறந்தவர். பேட்டையின் வாசலருகே புத்தகக் கடை வைத்தார். ஆரம்பத்தில் அவர் விற்றது என்ன தெரியுமா? யோஷிவாராவுக்கு வருகிறவர்களுக்கான கையேடு. எந்தத் தெருவில் எந்த வீடு, அதில் யார் யார், அவர்கள் என்ன தரம், என்ன கட்டணம் என்று அச்சிட்ட பட்டியல். ரயில்வே கால அட்டவணை மாதிரி அவ்வப்போது திருத்தப் பதிப்பு வரும். 1776ல் இன்னொரு பதிப்பாளரோடு சேர்ந்து, யோஷிவாரா அழகியரின் வண்ணப் படங்களைத் தொகுத்து அருமையான புத்தகம் ஒன்று போட்டார். வரைந்தவர்கள் ஷுன்ஷோ, ஷிகெமாசா என்ற இரண்டு ஜாம்பவான்கள். அதே காலத்தில் கொரியூசாய் என்பவர் வரைந்த தொடர் ஒன்று, நூறு தாளுக்கும் மேல் போயிற்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு கணிகை, கூடவே இரண்டு சிறுமிகள், உடம்பில் புது மாதிரித் துணி. வீட்டுக்காரருக்கு விளம்பரம், பதிப்பாளருக்கு விற்பனை, ஜவுளி வியாபாரத்துக்கும் ஆதாயம். ஒரே தாளில் மூன்று மாங்காய்.

1790களில் அரசாங்கம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. படங்களில் பெண்களின் பெயரைப் போடக் கூடாது. டீக்கடைப் பெண், சாதாரணக் குடும்பத்துப் பெண் இவர்கள் பெயரை அச்சிடுவது ஒழுக்கக்கேடு என்று கருதினார்கள். யோஷிவாரா கணிகையர் பெயருக்கு மட்டும் விலக்கு. அரசு லைசென்ஸ் பெற்ற சரக்காயிற்றே, பெயர் போட்டால் என்ன? இந்த ஒரு விலக்கே அந்தப் படங்களில் பெயர் எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இனி அந்தப் பேட்டையைப் பற்றி. யோஷிவாராவுக்கு 1617ல் அனுமதி கொடுத்தார்கள். 1657ல் எடோவின் பெரும்பகுதியை எரித்த தீ விபத்துக்குப் பிறகு, நகரத்துக்கு வெளியே அசாகுசாவுக்கு வடக்கே வயல்வெளிக்கு மாற்றினார்கள். சுற்றிலும் அகழி, உள்ளே போக வர ஒரு பெரிய வாசல், வாசலில் காவல். ஆண்கள் போகலாம் வரலாம். பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது.

படத்தில் கணிகைக்கு இரு பக்கமும் பொம்மை மாதிரி நிற்கிற அந்தச் சிறுமிகளைப் பார்த்திருக்கிறீர்களா? 'கமுரோ' என்பார்கள். ஏழு, எட்டு வயதில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். விளைச்சல் பொய்த்த கிராமத்து அப்பனோ, கடன்பட்ட நகரத்து அப்பனோ முன்பணம் வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்திருப்பான். மனிதர்களை விற்பது அன்றைய சட்டப்படியே குற்றம். அதனால் பத்திரத்தில் விற்பனை என்று எழுத மாட்டார்கள். இத்தனை வருஷ ஊழியம், அதற்கு முன்பணம் என்று எழுதுவார்கள். வளர்ந்தபின் சுமார் பத்து வருஷம் உழைத்து அடைக்க வேண்டும்.

அடைய விட்டால்தானே! நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். நாம் படத்தில் ரசிக்கிற அந்தப் பட்டு, அந்தச் சீப்பு, ஆமை ஓட்டில் செய்த அந்த ஊசிகள், அடுக்கடுக்கான மெத்தைகள் எல்லாம் அவள் கணக்கில் எழுதப்பட்ட கடன். பண்டிகைக்குப் பண்டிகை புது உடை வேண்டும். உயர்ந்த தரத்துக் கணிகை என்றால், தன்னிடம் விடப்பட்ட கமுரோ சிறுமிகளின் துணிமணிச் செலவும் அவள் தலையில். நோய்வாய்ப்பட்டு ஒரு நாள் படுத்தால் அதற்கும் கணக்கு. பேட்டையின் நடுத்தெருவில் ஊர்வலம் போகிற நாளில் எவ்வளவுக்கெவ்வளவு அவள் ஜொலித்தாளோ, அவ்வளவுக்கவ்வளவு வெளியே போகிற தேதி தள்ளிப்போயிற்று.

படம் பார்க்கிறவர்கள் பொதுவாக, 'உள்ளே துயரம் இருந்திருக்கலாம், ஆனால் வெளியே எவ்வளவு அழகு' என்பார்கள். துயரம் ஓரிடம், அழகு இன்னோரிடம் என்பதுபோல. அப்படிப் பிரித்துவைக்க அங்கே இடமில்லை. அவளைக் கட்டிவைத்த கயிறும் அந்தப் பட்டும் ஒன்றேதான். கொரியூசாய் படத்தில் அந்தத் துணியின் பூ வேலைப்பாட்டை நாம் ரசிக்கும்போது ஒரு கடன் சீட்டைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்தவர்கள் உண்டு. பணக்காரர் கடனை அடைத்து அழைத்துப்போனவர்களும் உண்டு. நாடகமும் கதையும் அவர்களைப் பற்றித்தான் அதிகம். பால்வினை நோயிலும் காசத்திலும் இளவயதிலேயே போனவர்கள் எத்தனையோ பேர். பேட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் மினோவா என்ற இடத்தில் ஜோகான்-ஜி என்று ஒரு புத்தக் கோயில் இருக்கிறது. உறவினர் யாரும் வராத பெண்களின் உடலை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களாம். 1855 நிலநடுக்கத்தில் செத்தவர்களும் அங்கேதான் போனார்கள். 'எறிந்துவிட்டுப் போகும் கோயில்' என்று ஊர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சுமார் 25,000 பேர் அங்கே அடக்கம் என்று சொல்கிறார்கள். இன்று அவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள்: "சார், அது அந்தக் காலம். இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு நடந்ததைப் பார்க்கக் கூடாது." பேச்சு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் காலத்திலேயே அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா? 1849ல் உமெமோதோயா என்ற வீட்டில் 16 பெண்கள் கூடிப் பேசித் தங்கள் வீட்டுக்கே தீ வைத்தார்கள். தப்பி ஓடவில்லை, அதிகாரிகளிடம் போய்த் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். முதலாளியின் அடி உதையையும் கேவலமான சாப்பாட்டையும் அவர்களில் சிலர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். விசாரணை நடந்தது, முதலாளிக்கும் தண்டனை கிடைத்தது. தீவைப்பு அந்த ஊரில் மரண தண்டனைக்குரிய குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இன்றைய கண்ணாடி எதற்கு, அவர்கள் எழுதி வைத்ததே போதும்.

1872ல் இன்னொரு சம்பவம். சீனக் கூலிகளை ஏற்றிவந்த மரியா லூஸ் என்ற பெரு நாட்டுக் கப்பல் யோகோஹாமாவில் நின்றபோது, இது அடிமை வியாபாரம் என்று சொல்லி ஜப்பானிய நீதிமன்றம் கூலிகளை விடுவித்தது. கப்பல் தலைவனின் வக்கீல் கில்லாடி. "உங்கள் நாட்டிலேயே பெண்களை இப்படித்தானே பத்திரம் எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்ற வாதத்தைக் கிளப்பினார். அரசாங்கத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆயிற்று. அந்த வருஷமே கணிகையரை விடுவிக்கும் உத்தரவு வந்தது. உத்தரவு வந்ததே தவிர, வேறு பெயரில் அதே கடன் தொடர்ந்தது. சட்டப்படி யோஷிவாரா மூடியது 1958ல். நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம்.

2024ல் டோக்கியோ கலைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் யோஷிவாரா கலையைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. திறப்பதற்கு முன்பே சர்ச்சை. விளம்பரம் பளபளவென்று திருவிழா அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது, அந்தப் பெண்களின் நிலை எங்கே என்று ஜப்பானியர்களே இணையத்தில் கேட்டார்கள். பெண்களின் மனித உரிமையை மீறிய அமைப்பு அது, திரும்ப வரக்கூடாதது என்று அமைப்பாளர்கள் விளக்கம் தர வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் அதே சுதாயா ஜூசாபுரோவைக் கதாநாயகனாக்கி, என்.ஹெச்.கே. தொலைக்காட்சியில் வருஷம் முழுக்க ஒரு சரித்திரத் தொடர் ஓடியது. ஆக இது பழங்கதை இல்லை, அங்கே இன்றும் பேசுகிற விஷயம்.

படங்களைப் பூட்டி வைத்துவிடலாம் என்று சொல்பவர்களோடும் என்னால் சேர முடியாது. அந்தப் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் மிஞ்சியிருப்பது இந்தக் காகிதங்களில்தான். அந்த முகம்கூட அச்சு அசலான முகம் இல்லை, எல்லாம் ஒரே சாயல்தான், அது வேறு விஷயம். மறைத்தால் அதுவும் போய்விடும். நான் கேட்பது சின்ன விஷயம். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சீட்டில் ஓவியர் பெயர், வருஷம், மரக்கட்டை அச்சு என்று எழுதுகிறார்களே, அதோடு இரண்டு வரி: இது எதற்காக அச்சிடப்பட்டது, இந்த உடைக்கு யார் கடன்பட்டார். அழகு ஒன்றும் குறைந்துவிடாது. நான் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் பார்க்கிறேன். நெற்றியோர முடியைப் பார்த்து இன்றும் வாய் பிளக்கத்தான் செய்கிறேன்.

ஓவியர்கள் எல்லாருமே கண்ணை மூடிக்கொண்டு வரைந்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். உதமாரோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களின் முகத்தை மட்டும் பெரிதாக வரைந்து, பின்னணியில் அபிரகப் பொடி மின்னும்படி சுதாயா போட்ட படங்கள்தான் அவருடைய புகழுக்குக் காரணம். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது, 1794 வாக்கில் அவர் செய்த 'யோஷிவாராவின் பன்னிரண்டு நேரங்கள்' என்ற தொடர். அந்தக் கால ஜப்பானில் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு பொழுது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மிருகத்தின் பெயர். ஒரு பொழுதுக்கு ஒரு படம். பன்னிரண்டிலும் வந்த வாடிக்கையாளர் ஒருவர்கூடத் தென்படமாட்டார். முயல் நேரம், அதாவது விடியற்காலை, போகிறவருக்கு மேலங்கியை எடுத்துக் கொடுக்கிறாள். ஆள் படத்துக்கு வெளியே எங்கேயோ நிற்கிறார். எருது நேரம், ராத்திரி இரண்டு மணி. ஒருத்தி தூக்கம் கலையாமல் எழுந்து நிற்கிறாள். ஒரு கையில் எரிகிற காகிதத் திரி, மறு கையில் மெல்லிய காகிதம், காலால் செருப்பைத் துழாவுகிறாள். கழிப்பறைக்குப் போக எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். உடை நெகிழ்ந்திருக்கிறது, ஆனால் யாரையும் மயக்குகிற நெகிழ்ச்சி இல்லை. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த ஒருத்தியின் அசதி. கொண்டை மட்டும் கலையவில்லை. கலைந்தால் அதற்கும் செலவு!

இதுவும் காசுக்கு விற்ற படம்தான். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற ஆசையில் வாங்கியிருப்பார்கள். இருந்தாலும் அந்த அசதி விளம்பரத்துக்கு உதவாத சரக்கு. உதமாரோ அதைப் பார்த்து வரைந்தார். பிற்பாடு 1804ல், பழைய ஆட்சியாளர் ஹிதெயோஷியைப் பெண்களோடு வரைந்த குற்றத்துக்காக அவருக்கு 50 நாள் கைவிலங்கு போட்டார்கள். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். கணிகையரை வரைந்ததற்காக இல்லை, கவனியுங்கள்.

ஹொகுசாயின் மகள் ஓய் வரைந்த யோஷிவாரா இரவுக் காட்சி ஒன்று டோக்கியோவில் ஓதா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அச்சுப் படம் அல்ல, கையால் தீட்டியது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. மரக் கிராதிக்கு உள்ளே விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே இருட்டில் ஆண்கள் நின்று பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவர்களின் முகம் கிராதிக்கட்டையால் பாதி மறைந்திருக்கிறது. முகத்தை விற்கிற இடத்தில் முகத்தைக் காட்டாமல் ஒரு பெண் வரைந்திருக்கிறார். கையெழுத்தைக்கூட மூன்று விளக்குகளின்மேல் எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒளித்துவைத்திருக்கிறார்.

ஹிரோஷிகேயின் 'எடோவின் நூறு காட்சிகள்' தொடரில் 1857ல் வந்த ஒரு படம் உண்டு. யோஷிவாராவில் ஒரு மாடி அறை. ஜன்னலில் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்து வெளியே வயலைப் பார்க்கிறது. தூரத்தில் திருவிழாக் கூட்டம் எறும்பு வரிசை மாதிரி போகிறது. ஜன்னல் விளிம்பில் துண்டும் கிண்ணமும். தரையில் யாரோ அவளுக்கு வாங்கி வந்த திருவிழாக் கொண்டை ஊசிகள். அவள் படத்தில் இல்லை. ஜன்னலுக்குக் குறுக்கே கட்டைகள் அடித்திருக்கின்றன.

இந்தப் படங்களில் பலவற்றைப் பெரிய அருங்காட்சியகங்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பேரன் பேத்தியிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள். போனில் வேண்டாம், கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் அந்த எருது நேரத்துப் பெண்ணைப் பாருங்கள். செருப்பைத் துழாவுகிற அந்தக் கால் விரல்களையும் பாருங்கள்.